இரண்டரை நிமிடம்

நல்லேப்பிள்ளி
4 மார்ச் 2025

திருமதி நிமி அவர்களுக்கு,

ஒரு மாதமாக நீங்கள் செய்த போன்களை நான் எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஜனவரி பத்தொன்பதாம் தேதி உங்கள் நாடகத்தில் நான் வாட்ச்மேனாக நடித்த காட்சியை வெட்டி எடுத்துக் குழுவின் பக்கத்தில் போட்டது யார்? 'மாரப்பண்ணனின் கலக்கல் காமெடி, சிரிச்சு வயிறு புண்ணாயிடும்' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் மூன்றை ஒட்டி வைத்தது யார்?

என் மகள் மௌனிகாதான் காட்டினாள். அடுப்படியில் நின்றுகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனை மட்டும் என் பக்கம் நீட்டினாள். இரண்டரை நிமிடம். ஏழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். முதல் நான்கு நாள் சிரித்தார்கள். அப்புறம் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். குடித்துவிட்டு மேடையேறிவிட்டான் என்று பாதிப் பேர். டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன் நான். கிழவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று மீதிப் பேர். கொச்சி டிவி காமெடி நிகழ்ச்சியில் ஒன்பது வருடமாக நான் உட்கார்ந்த நடுவர் நாற்காலியில் இப்போது வேறொருவர். "கொறச்சு நாள் ரெஸ்ட் எடுக்கூ, சேட்டா" என்றார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும்படி மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் குமுளி ரோட்டில் மண் சரிந்து கார் நின்றபோது, ஆனைக்கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நீங்கள் ஏழெட்டுப் பேர் ஒத்திகை நடத்துவதை எட்டிப் பார்த்தேன். ஏலத் தோட்டத்து வேலை முடிந்து, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் வந்து வசனம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து வருடம் தவறாமல் வந்தேன். பூட்டிக் கிடந்த ஏலக்காய்க் கிடங்கை, அந்த ஸ்டோரை, மேடைக்குக் கொடுங்கள் என்று தோட்ட முதலாளி வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அவர் என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். இதையெல்லாம் சொல்லிக் காட்டுவது சின்னத்தனம்தான். இன்றைக்கு நான் சின்னத்தனமாகத்தான் இருக்கிறேன்.

ஸ்டோர் வாசல் போர்டில் 'ஆதரவு: நல்லேப்பிள்ளி மாரப்பன்' என்று இருப்பதை அழித்துவிடுங்கள்.

மாரப்பன்


ஆனைக்கரை
11 மார்ச் 2025

மதிப்புக்குரிய மாரப்பண்ணனுக்கு நிமி எழுதுவது.

'திருமதி' என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்த பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். ஐந்து வருடமாக என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

வீடியோவை நம் பக்கத்திலிருந்து எடுத்தாயிற்று. ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

இங்கே நிலைமையையும் சொல்ல வேண்டும். ஜனவரி நாடகத்துக்கு அறுபது பேர் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். "ஆளே வராத ஸ்டோருக்கு எதுக்கு லைட்டும் திரையும்? நான் மூட்டை போட்டுக்கிடுதேன், சாவியக் குடுத்துரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். பிப்ரவரிக் கடைசி வரை தவணை. வீடியோ வந்த பிறகு அதே நாடகத்தை மறுபடி போட்டோம். உங்கள் வேஷத்தை இன்னாசிராஜண்ணன் கட்டினார். கட்டப்பனையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஸ்டோர் நிரம்பி வழிந்தது. முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

யார் போட்டது என்று கேட்டிருந்தீர்கள். ஜின்சனை உங்களுக்குத் தெரியும். வயரிங் வேலை பார்க்கிறவர், நம் மேடை லைட் முழுக்க அவர் கைதான். அன்றைக்கு நாடகத்தை எடுத்தது அவருடைய போன். லைட் போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்திருந்தார். குழுப் பக்கத்தின் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். மன்னித்துவிடுங்கள்.

போர்டை நான் அழிக்கவில்லை. ஏணி வைத்து ஏறினேன். கை வரவில்லை.

அன்று மேடையில் என்ன ஆயிற்று அண்ணே? உடம்பு சுகம்தானா?

நிமி


நல்லேப்பிள்ளி
18 மார்ச் 2025

நிமி அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மேல் கோபப்பட்டு எழுதியது தப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்று நடந்ததும் ஒன்றும் இல்லை. நாற்பது வருடமாக மேடையில் நிற்கிறவன், வசனத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களா இல்லையா? அப்புறம் என்ன? அதை மேடையோடு விட்டிருந்தால் நடிப்பு. வெட்டிப் போட்டதால்தான் இந்தக் கேவலம்.

ஜின்சனை நினைத்தால்தான் ஆறவில்லை. வருகிற ஜூன் முதல் திருச்சூர் நாடகக் கம்பெனியில் அவனை நிரந்தர லைட்மேனாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி வைத்திருந்தேன். நேற்று மௌனிகாவைவிட்டுப் போன் செய்யச் சொல்லி, அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கூட இருந்தே குழி பறிக்கிறவன் எந்தக் கம்பெனிக்கும் ஆகமாட்டான்.

இன்னாசிராஜ் நன்றாகச் செய்தாரா?

மாரப்பன்


ஆனைக்கரை
15 ஏப்ரல் 2025

மாரப்பண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகப் போகிறது. மூன்று தடவை பதில் எழுதினேன். மூன்றும் பொய். அடுப்பில் போட்டுவிட்டேன்.

வீடியோவைப் போட்டது நான். ஜின்சன் அல்ல.

முந்தாநாள் குருத்து ஞாயிறு. சர்ச்சில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் சொல்லும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஜின்சனின் மனைவி ஜிஜி. திரும்பி என்னிடம் சொன்னாள்: "டீச்சர், திருச்சூர் வேல இல்லன்னுட்டாங்களாம். மகளுக்கு ஸ்கூல் டிசி வாங்கிட்டோம். இவரு ராவும் பகலும், நான் என்ன தப்பு செஞ்சேன்னு அதையே கேட்டுட்டிருக்காரு." நான் வரிசையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லிவிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அது சாமியாரிடம் சொல்ல வேண்டியது அல்ல, உங்களிடம் சொல்ல வேண்டியது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று மதியம் மூன்று மணி ஆட்டம். இரண்டாவது காட்சி. நான் பக்கத் திரைக்குப் பின்னால் வசன நோட்டோடு நின்றேன். 'யாரது வேலிக்குள்ள?' என்று நீங்கள் அதட்ட வேண்டும். அதட்டவில்லை. மூன்று தடவை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். முன்னே பின்னே தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. அப்புறம் உங்களோடு நடித்துக்கொண்டிருந்த கத்தரீனாளக்காவின் கையைப் பிடித்தீர்கள். "ராசு, பொழுதாயிருச்சு. ஊட்டுக்குப் போலாம் வா" என்றீர்கள். ராசம்மாள் அண்ணி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். சனத்துக்குத் தெரியாது. அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக் கேட்டு நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள். அக்காதான், "சரி, வாங்க போலாம்" என்று உங்களை உள்ளே கூட்டி வந்தார்.

உள்ளே வந்து, "நல்லா இருந்துதா அம்மிணி?" என்று கேட்டீர்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அது முதல் பொய்.

ஜின்சன் அந்த வீடியோவை எனக்கு மட்டும் அனுப்பினார். கூடவே எழுதியிருந்தார்: 'டீச்சர், இத யாருக்கும் காட்ட வேண்டாம். அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல. அவங்க மகள்கிட்ட மட்டும் பதமா சொல்லணும்.' பிப்ரவரி இரண்டாம் தேதி முதலாளி சாவி கேட்டார். மறுநாள் மதியம், பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதை வெட்டினேன். நீங்கள் பேச்சில்லாமல் நின்ற பகுதியை வெட்டிவிட்டேன். சிரிப்புச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து தொடங்கினேன். நீங்கள் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மூன்று முகத்தையும் ஒட்டினேன். நம் ஸ்டோரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்களுக்கு ஜின்சனைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. போன் அவருடையது. பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். அப்படி யோசித்து யோசித்து எழுதியிருக்கிறேனே, அதை நினைத்தால்தான் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

திருச்சூருக்குச் சொல்லுங்கள் அண்ணே. எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவர்களுக்குச் சொன்னால் போதும்.

நிமி


நல்லேப்பிள்ளி
27 மே 2025

நிமிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே திருச்சூருக்குப் போன் போட்டோம். ஈஸ்டருக்கு முன்பே வேறொருவரை வைத்துக்கொண்டார்களாம். ஜின்சனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதை இல்லையென்று எழுதினால் அதுவும் ஒரு பொய். ஆனால் இந்த ஆறு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது, மேடை வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மௌனிகாவுக்குக்கூடச் சொல்லவில்லை. போனில் பேசும்போது பாதியில் வார்த்தை நழுவிவிடுகிறது. அதனால்தான் உன்னைக் கடிதம் எழுதச் சொன்னேன். எழுதும்போது நிறுத்தி யோசிக்கலாம். யாரும் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

டிவியில் காதில் ஒரு கருவி மாட்டியிருப்பார்கள். மறந்தால் உள்ளேயிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். அதை வைத்து ஓட்டினேன். ஆனால் மேடை வேண்டியிருந்தது அம்மிணி. தப்பினாலும் கை தட்டுகிற ஒரு மேடை. அதற்கு உங்கள் ஸ்டோரைவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

வாட்ச்மேன் வேஷம் இன்னாசிராஜுடையது. தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து மூன்று மாதம் ஒத்திகை பார்த்தவர் அவர். நான் டிசம்பரில் வந்து, "அந்த வேஷத்த நான் பண்றனே" என்றேன். அவர் வசன நோட்டை என் கையில் கொடுத்தார். ஆதரவு, ஆதரவு என்று போர்டில் எழுதி வைத்தீர்கள். நான் உங்கள் மேடையை ஒளிந்துகொள்கிற இடமாக வைத்திருந்தேன். என் பெயருக்காக நீங்கள் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் அங்கே வந்தேன்.

நான் உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ வெட்டுவதற்கு அந்த வீடியோவே இருந்திருக்காது.

கத்தரீனாளக்காவுக்கு என் மேல் வருத்தம் உண்டா?

மாரப்பன்


ஆனைக்கரை
9 ஜூன் 2025

மாரப்பண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கத்தரீனாளக்காவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்: "நான் என்னத்த வருத்தப்படப் போறேன்? அந்த மனுசன் என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. வீட்டுக்குப் போகணும்னாரு. சரி, எந்த வீடோ, நாமளும் ரெண்டு எட்டு நடப்போம்னு நடந்தேன். இதுக்குப் போயி வருத்தமாம்."

போன ஞாயிறு குழுவில் எல்லோரையும் ஸ்டோருக்கு வரச் சொல்லி, வீடியோ விஷயத்தைச் சொன்னேன். ஜின்சன் பெயரை உங்களுக்கு எழுதியதையும் சொன்னேன். பேசி முடித்தபோது ஜின்சன் ஏணியில் உட்கார்ந்து ஒரு பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்தார். "போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேட்ருக்கலாம்ல டீச்சர்? நானே வேணாம்னு சொல்லிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

இப்போது கம்பத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலைக்குப் போகிறார். சனிக்கிழமை வந்து நம் லைட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். என்னோடு பேசுவதில்லை. வயர் வேண்டுமானால்கூட இன்னாசிராஜண்ணனிடம்தான் கேட்கிறார்.

நான் குழுப் பொறுப்பை விட்டுவிட்டேன். இப்போது இன்னாசிராஜண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஆட்டம் முடிந்ததும் பெஞ்சைத் தூக்கி வைத்து ஸ்டோரைப் பெருக்குவது என் வேலை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் தப்பில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். வேண்டாம் அண்ணே. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மௌனிகாவிடம் சொல்லிவிட்டீர்களா?

நிமி


நல்லேப்பிள்ளி
6 ஜூலை 2025

நிமி அம்மிணிக்கு,

மௌனிகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியுமுங்கப்பா. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். வீட்டுக்கு வீடு இப்படித்தான் போலிருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் தேதி கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே எல்லோர் முன்னாலும் என் நோயைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். குடிகாரன் என்ற பேச்சோடு நான் போகக் கூடாது. ஜின்சன் மேலும் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். திருச்சூரில் அவர் பெயர் கெட்டதற்கு நானும் ஒரு காரணம்.

ஆனால் இதைச் சொன்னால், ஒரு நோயாளியைக் காட்டிச் சிரிக்க வைத்தது யார் என்று கேட்பார்கள். உன்னைத்தான் தேடி வருவார்கள். நீ குழந்தைகளோடு வேலை பார்க்கிறவள். யோசித்து எழுது. வேண்டாம் என்றால் நான் ஆண்டுவிழாவில் பழைய காமெடி இரண்டைப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

மாரப்பன்


ஆனைக்கரை
14 ஜூலை 2025

மாரப்பண்ணனுக்கு,

சொல்லுங்கள். 'யாரோ ஒருவர்' என்று சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள். ஆனைக்கரை அங்கன்வாடி டீச்சர் நிமி என்றே சொல்லுங்கள்.

நான் இங்கே பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஏழு லட்சம் பேர் முன்னால் செய்ததற்கு அது போதாது. நானே சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்து மூன்று நாள் உட்கார்ந்தேன். தைரியம் வரவில்லை. நீங்கள் சொல்லிவிட்டால் அது முடிந்துவிடும்.

வேலை போனால் போகட்டும். ஏலக்காய் எடுக்க எனக்குத் தெரியும்.

நிமி


நல்லேப்பிள்ளி
5 ஆகஸ்ட் 2025

நிமி அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. மௌனிகா அதை எடுத்துப் போட்டிருக்கிறாள், நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் எழுத வேண்டும். பார்த்ததை வைத்து நீ தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

மைக்கைப் பிடித்து, "எனக்கு மறதி நோய் வந்துருக்குதுங்க. அன்னைக்கு ஆனைக்கரையில நான் நடிக்கலீங்க" என்றேன். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. நாற்பது வருடமாக நான் சிரிக்க வைத்தவர்கள்தானே, வேறென்ன செய்வார்கள்? நான் காத்து நின்றேன். "நெசமாத்தாஞ் சொல்றனுங்க" என்றேன். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு கத்தரீனாளக்கா என்னை எப்படிக் கூட்டிப் போனார் என்று சொன்னேன். இன்னாசிராஜின் வேஷத்தை நான் பிடுங்கியதைச் சொன்னேன். ஜின்சன் மேல் தப்பு இல்லை, அவர்தான் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தவர் என்று சொன்னேன். பிறகு, 'அதைப் போட்டது' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிட்டேன். "அது யாரா இருந்தா என்னங்க, விடுங்க" என்று முடித்துவிட்டேன். அந்த இடத்தில்தான் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மாரப்பனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று இன்று காலை வரை போன் வந்துகொண்டிருக்கிறது. மௌனிகாகூட அப்படித்தான் நினைக்கிறாள்.

அது பெரிய மனசு இல்லை அம்மிணி. நீ கேட்டபடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் முகம் வந்தது. கையில் வசன நோட்டோடு நீ நிற்பது வந்தது. அங்கன்வாடி வந்தது. பெயர் வரவில்லை. எவ்வளவு நேரம் நிற்க முடியும்? விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தின் மேலே இருக்கிற உன் பெயரைக்கூட உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அதனால் நான் உன்னை மன்னித்துக் காப்பாற்றிவிட்டேன் என்று நீ நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை என்றும் நினைக்க வேண்டாம். அது வேறு விஷயம், நேரில் வா, பேசலாம். ஆனால் அந்தப் பெயரை நீயேதான் சொல்ல வேண்டும். எனக்காகக் காத்திருக்காதே. நீ சொல்வது எனக்கு இன்னும் புரிகிற நாளிலேயே சொல்லிவிடு.

மாரப்பன்